கடலில் கேட்ட ஊர்ப் பெயர்

டொல்பின் பார்க்க வந்த நோர்வேக்காரியோடு ஆலங்குடாக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் சிக்கிக்கொண்டேன். என் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை.

பயத்தை மறக்க அவள் ஆங்கிலத்தில் தன் ஊரைப் பற்றிக் கதைத்தாள். அவர்களுடைய சின்னக் கிராமசபையைப் பக்கத்துச் சபையோடு சேர்த்து, பெயரையே எடுத்துவிட்டார்களாம். "நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். உங்கள் ஊர்?"

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேன். அங்கே எங்கள் வீட்டு வளவு இப்போது காடு. என் பிள்ளைகளுக்கு, நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய தில்லையடிதான் ஊர். நான் திரும்பி எஞ்சினைக் கிளறினேன்.

கடைசியில் பக்கத்து ஊரான மாம்புரியின் படகொன்று வந்தது. "பயப்படாதீங்க, இழுத்துட்டுப் போறன். எந்த ஊர் ஆக்கள்?" என்று கேட்டார் படகோட்டி. நான் மொழிபெயர்த்ததும், அவள் அந்தப் பழைய பெயரைச் சத்தமாகச் சொன்னாள்.

"நீங்க, தம்பி?"

நான் குனிந்து கயிற்றைக் கட்டினேன். கரை சேர்ந்துவிட்டோம். ஆனாலும் யாராவது ஊர் கேட்டால், மன்னாரைச் சொல்வதா தில்லையடியைச் சொல்வதா என்று இன்றும் தடுமாறுகிறேன்.