மேட்டு லயத்துக் கூத்துக்காரர்கள்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறார்கள். கீழே கூலிகளின் வரிசை வீடுகளில் லயம் லயமாகக் கதவுகள் திறக்கின்றன; கம்பளியும் கூடையுமாகச் சனங்கள் மூடுபனிக்குள் இறங்கிக் காணாமல் போகிறார்கள். எங்கள் மேட்டு லயத்தில் மட்டும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. பாதி ஆயுசு அந்தச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்த உடம்பு இப்போதும் ஒருமுறை விதிர்க்கிறது. பிறகு, இது நமக்கில்லை என்று தெரிந்து அடங்கிவிடுகிறது. பக்கத்து அறையில் வேலம்மாள் படுத்தபடியே ராசா வேஷத்துப் பாட்டை முனகத் தொடங்குவாள். சுவர் இடுக்கெல்லாம் பனி. மலையே தூக்கத்தில் பாடுவது போலிருக்கும்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் வயதானால் பிள்ளைகள் வீட்டில் ஒதுங்கலாம். இந்தத் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ள முடியாத கைக்கு அறை கிடையாது, மலையிறங்க வேண்டியதுதான். பழைய தொரையின் சம்சாரம் எங்கள் கூத்தில் மிகவும் பிரியப்பட்டவர். ஓடு விழுந்து சும்மா கிடந்த இந்த லயத்தைக் கூத்தாடுகிற கிழடுகள் ஆறு பேருக்கு விடச் சொன்னவர் அவர்தான். வருஷத்துக்கு ஒரு கூத்து கட்டுகிறோம். அதற்காகக் கீழ் லயத்துக்காரர்கள் ஆளுக்குப் பிடி அரிசி தருகிறார்கள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளில் கிரீடம், பெட்டிப் பலகையில் வாள். தோட்டத்துப் பிள்ளைகளைத் தொட்டிலாட்டிக்கொண்டிருந்த நான் பாதிரிப் பள்ளியில் நான்கு வகுப்பு படித்தவள் என்பதால், பாட்டுக் கட்டுவது என் பொறுப்பு. வழிதவறி மலையேறி, தன் நாட்டின் பெயரையே மறந்துபோன ஒரு ராசாவின் கதையை நான் சொல்ல வந்த அந்த வருஷம் கட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குப் பறை அடிப்பவர் இருளப்பன். அவரும் நானும் ஒரே ஊர். அங்கே அவர் எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததில்லை. நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. இங்கே வந்த பிறகுதான் அவரை அண்ணே என்று கூப்பிட வாய் பழகியது. இப்போது ஆறு பேருக்கும் ஒரே அடுப்பு. என் முழங்கால் வீங்குகிற நாளில் அவர்தான் கஞ்சி காய்ச்சுவார்.

பழைய தொரை கப்பலேறினார். புதுத் தொரை வந்த சில நாளில் கங்காணி வந்து, "மேட்டு லயத்த இடிக்கப் போறாவளாம். மழைக்கு முன்னாடி எல்லாரும் எறங்கிரணும்" என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார். வேலம்மாளுக்கு மலைக்குக் கீழே யாருமில்லை. அன்று அவள் பாடவில்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தான். போடிக்கு இறங்குகிற பொதிமாட்டுக்காரர்களிடம், வந்து கூட்டிப் போகும்படி அவனுக்குச் சொல்லியனுப்பினேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், தொரை இடத்தைப் பார்க்க வந்தார். கூடவே கோட்டயம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த, கணக்கெழுதும் மலையாளத்து ரைட்டர். வாசலில் இருந்த இருளப்பனிடம் ரைட்டர், "மூப்பா, நிங்ஙளுடெ பணி எந்தா? பற!" என்றார். என்ன வேலை, சொல் என்று கேட்டிருக்கிறார். காது மந்தமான இருளப்பனுக்குக் கடைசிச் சொல் மட்டுமே விழுந்தது. உள்ளே போனார், பறையை எடுத்து வந்தார், கொஞ்சநேரம் வெயிலில் காட்டிவிட்டு அடிக்கத் தொடங்கினார்.

தொரை திகைத்துப் போய் ரைட்டரிடம் ஏதோ பேசினார். ரைட்டர் எங்களைப் பார்த்து, "தொரை சோதிக்குன்னு" என்றார். தொரை கேட்கிறார் என்று அர்த்தமாம். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. பரீட்சை வைக்கிறார் என்று எண்ணி ஆறு பேரும் பதறிப்போனோம். வேலம்மாள் கிரீடத்தை வைத்துக்கொண்டு மடங்கிப்போன விரல்களால் வாளைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அந்நேரம் பார்த்துப் பனி ஏறியது. ராசா மறைந்தார், தெரிந்தார், மறுபடி மறைந்தார். குரல் மட்டும், "என் நாடு எந்தத் திசை?" என்று சுற்றிச் சுற்றி வந்தது. நான் பின்பாட்டுப் பாடினேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பனி விலகியபோது தொரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

போகும்போது ரைட்டர் தமிழைத் தேடித் தேடிச் சொன்னார்: "இப்போ இடிக்கேண்டா. நிங்ஙள் இவிடெத் தன்னெ இருந்தோ."

இடிக்க வேண்டாம், இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று புரிந்ததும் நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம். ஆனால் தம்பி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டிருந்தான்.

மலையேறிக் களைத்து வந்தவனுக்கு இருளப்பன் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். தம்பி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வேண்டாம். வழியில ஓடையில குடிச்சிட்டேன்" என்றான். இருளப்பன் குவளையைத் திண்டுமேல் வைத்துவிட்டு நகர்ந்தார். அதில் ஆவி பறந்து அடங்குகிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தம்பியை வழியனுப்பப் போடிமெட்டு வரை போனேன். எனக்கு முன்னால் நடந்து வந்தவன் அங்கே நின்றான்.

"யக்கா, நீ வரல, அப்படித்தான?"

"கூத்து இருக்குலே. முடிச்சிட்டு வாரேன்."

"அந்த ஆளு காய்ச்சின கஞ்சியவா குடிக்க?"

"ஆமா. அவர் என்னைத் தாயின்னுதான் கூப்பிடுதாரு."

அவன் தரையைப் பார்த்தான். பிறகு எதிர்பாராமல் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ஊரு ஒனக்கும் ஊருதான்க்கா. எப்ப வேணும்னாலும் வா" என்று சொல்லி இறங்கத் தொடங்கினான். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

வெகுநேரம் அங்கேயே நின்றேன். கீழே சமவெளி மங்கலாகக் கிடந்தது. அதன் அனல்காற்று ஏறி வந்து முகத்தில் பட்டது, ஊரில் அரிசி வேகும்போது வருகிற வெக்கையைப் போல. முதுகுப் பக்கம் பனி வந்து கவிந்து என் சேலை நனைந்தது. கன்னம் சுட, முதுகு குளிர, எந்தப் பக்கமும் ஓரடி எடுத்து வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.