தன் சாவுக்குத் தானே மைக் பிடிச்சவர்

கொல்லிமலையில வாரச்சந்தை கூடுற மேட்டுக்கு எதுத்தாப்புல எனக்கு ஒரு டீக்கடை. கீழ சேந்தமங்கலத்துல பொறந்து, மேல வாழ்க்கைப்பட்டு வந்தவ நான். மலையில பாதி நாளு எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது, மேகம் எறங்கி மூடிக்கும். அப்பெல்லாம் கண்ணை நம்பிப் பிரயோசனமில்லீங்க, காதைத்தான் நம்பணும். எங்க காது முழுக்க ஒரே ஆளோட குரல்தான் இருந்துச்சு. மைக் செட்காரர் குரல்.

ரேசன் கடைக்குச் சீனி வந்தாலும் அவருதான் சொல்லணும். மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்தாலும் அவருதான். ஜீப்பு மேல மைக் செட்டுக் குழாயைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போவாரு. ஆடு காணாமப் போனா, அதுக்கும் சொல்லுவாரு. "கருப்பு வெள்ளாடுங்க, ஒத்தக் காது மடிஞ்சிருக்கும். பாத்தவங்க புடிச்சுக் கட்டி வையுங்க. அறுத்துட்டீங்கன்னா கொழம்பையாச்சும் குடுத்துருங்க சாமி." கேக்கறவங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க.

சந்தையில குழந்தை காணாமப் போயி அழுதுக்கிட்டு நின்னா, பேரு என்ன, ஊரு என்னன்னு கேட்டு அதை மெரட்ட மாட்டாரு. தூக்கி மடியில வெச்சுக்கிட்டு மைக்கை அது வாய்க்கிட்ட நீட்டிருவாரு. அது கத்துற கத்து மலை பூரா கேக்கும். பெத்தவ எந்தக் கடையில இருந்தாலும் முந்தானை அவுந்தது தெரியாம ஓடியாருவா. இப்படி ஒரு மனுசனை யாருக்குத்தான் புடிக்காது?

சாவுச் சேதின்னா மட்டும் அவரு குரலே மாறிடும். மொதல்ல கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மூச்சு விடுற சத்தம் மட்டும் குழாய்ல கேக்கும். அப்புறம் மெதுவா, "பெரியோர்களே, தாய்மார்களே, மனசைத் தேத்திக்கங்க"ம்பாரு. அந்த மூச்சுச் சத்தம் கேட்டதுமே அடுப்புல இருக்கறதை எறக்கி வெச்சுட்டு நாங்க வாசலுக்கு வந்துருவோம்.

கடைசி வருசங்கள்ல தொண்டை கெட்டுப் போச்சு. ரொம்பப் பேசக் கூடாதுன்னு நாமக்கல் டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாராம். அதனால சந்தை கூடுறப்ப சொல்றதையும், சாவுச் சேதியோட ஆரம்பத்தையும் பென் டிரைவுல பதிஞ்சு வெச்சுட்டாரு. அதைப் போட்டுவிட்டுட்டு, செத்தவங்க பேரையும் ஊரையும் மட்டும் ஜீப் டிரைவரு மைக்குல சொல்லுவாரு. எங்களுக்கு அது பழகிப் போச்சு.

ஒருநாள் விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு, அப்படியே சம்சாரத்து மடியில சாஞ்சுட்டாரு. அவரு சம்சாரம் ஓடிவந்து என் கடை வாசல்ல நின்னுச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சத்தமாப் பேசாத பொம்பளை அது. அன்னைக்கும் பேசல, என் கையைப் புடிச்சு இழுத்துச்சு.

சேதி சொல்ல ஜீப்பு கெளம்புச்சு. வழக்கம் போலப் பென் டிரைவைச் சொருகுனாங்க. தன் சாவுக்குத் தானே மூச்சு வாங்கி, தானே மனசைத் தேத்திக்கச் சொல்லிட்டு மனுசன் ஊர் ஊராப் போனாரு. நிறுத்துங்கடா அந்தக் கருமத்தைன்னு எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. ஆனா அந்தக் குரல் இல்லாம சாவுச் சேதியை எப்படிச் சொல்றதுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல.

அவருக்கு ஒரே அக்கா. திண்ணனூர் நாட்டுப் பக்கம், ஜீப்பு போகாத ஒரு சரிவுல குடியிருந்துச்சு. தாயில்லாத தம்பியை இடுப்புல தூக்கி வளத்தது அந்தக்காதான். அங்க போனும் எடுக்காது. ரோட்டுலயே ஜீப்பை நிறுத்திப் பள்ளத்தைப் பாத்துக் குழாயைத் திருப்பிச் சொல்றதுதான் எப்பவும் வழக்கம். அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாங்க. பதிஞ்ச குரல் பள்ளத்தைத் தாண்டிப் போச்சு. பேரு சொல்ல வேண்டிய டிரைவரு தேம்பித் தேம்பி அழுதாரு. அந்தப் பேரு பள்ளத்தைத் தாண்டவே இல்லை.

நாங்க காத்திருந்தோம். மைக்குல சொல்லியாச்சுல்ல, அக்கா வந்துரும்னு ஆளாளுக்குச் சொன்னாங்களே தவிர, ஒருத்தரும் நடந்து போயிக் கூட்டியாரல. சாயங்காலம் மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. இனி வெச்சிருக்க முடியாதுன்னு எடுத்துட்டாங்க. வந்தவங்க எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க. கூடப் பொறந்தவ போடல.

மறுநாள் காலையில அந்தக்கா என் கடைக்கு முன்னால வந்து நின்னுச்சு. கையில ஒரு பை நெறைய அவரைக்காய். தம்பிக்குப் புடிக்குமாம்.

"ஏனுங்கம்மா, நேத்து யாரு தவறிட்டாங்க? எந்தம்பி சொன்னது கேட்டுச்சு, பேருதான் கேக்கல. பாவம், அவன் குரலு ரொம்பக் கம்மிப் போயிருந்துச்சு. கசாயம் வெச்சுத் தரலாம்னு வந்தேன்."

கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். பொதைச்ச மண்ணைக் காட்டினேன். மேல போட்டிருந்த பூ மழையில ஊறிக் கெடந்துச்சு. அந்தக்கா மண்ணைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. "நேத்துப் பேசுனவன் எப்படிம்மா சாவான்?"னு கேட்டுச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவரைக்காயைத் தம்பி ஊட்டுல வெச்சுட்டு, அவன் வந்ததும் சமைச்சுக் குடுன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

அடுத்த சந்தையில மறுபடியும் அந்தக் குரலைப் போட்டாங்க. "வாங்க, வாங்க, சந்தை கூடிருச்சு, மொளகு கொண்டாந்தவங்க ஓரமா எடம் புடிங்க." நடுவுல ஒரு இருமல் வரும். "பொறுங்க"ன்னு சொல்லுவாரு. எல்லாரும் பொறுத்தோம். செத்த மனுசன் இருமி முடிக்கிறதுக்கு, கையில தராசைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுச் சந்தையே நின்னுச்சு. குழாய் கட்டியிருந்த கம்பத்தடியில அந்தக்கா உக்காந்து மேல பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. "என்னமோ சொன்னீங்களே! பாருங்க, இருமுறான். கசாயம் குடிக்கலை போல."

பைத்தியம்னு நெனைக்காதீங்க. வாழைத்தார் விக்கிறப்ப கீழ்நாட்டு வியாபாரியைப் பேரத்துல கதறடிக்கும். அந்த ஒண்ணுல மட்டும் மனசு நின்னு போச்சு. சந்தைக்குச் சந்தை வரும். குழாயைப் பாத்து, "சாப்புட்டியா கண்ணு?"ன்னு கேக்கும். மேகம் மூடுன நாள்ல அந்தக் குரல் வெள்ளைக்குள்ள இருந்து வர்றப்போ, நானே எட்டிப் பாத்திருக்கேன். அவருக்குன்னு சக்கரை கம்மியா ஒரு டீயும் போட்டிருக்கேன். போட்டுட்டுத் திக்குனு நிப்பேன்.

அவரு சம்சாரம் ஒருநாள் எங்கிட்டச் சொல்லுச்சு. "குரலு நின்னதும் எங்கை தன்னால சொம்பை எடுக்குதுக்கா. தண்ணிய மோந்து வெச்சுட்டு, பேசி முடிச்சு வந்துருவாருன்னு வாசலைப் பாக்குறேன். அந்தக் குரலு அவரையும் சாக விடல, நங்கையையும் அழுக விடல. எத்தனை காலத்துக்கு இப்படி?" புருசனோட அக்காளைத்தான் நங்கைன்னு சொல்லுச்சு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! சந்தைக்காரங்களை நிக்க வெச்சு, இனி அந்தக் குரலைப் போடாதீங்கன்னு சொன்னேன். அவரு குரல் இல்லாம சந்தை கூடுன மாதிரியே இருக்காதுன்னு இழுத்தாங்க. "உங்களுக்குச் சந்தை, அவங்களுக்குச் சாவு. வெக்கமா இல்லை?"ன்னு கத்துனேன். ஒருவழியா ஒத்துக்கிட்டாங்க.

அந்த வாரம் குழாய் பேசல. அந்தக்கா கம்பத்தடியில உக்காந்து காத்துக்கிட்டே இருந்துச்சு. வெயில் ஏறிப் போச்சு. எந்திரிச்சு ஒவ்வொரு கடையா வந்து, "எந்தம்பி இன்னும் வரலீங்களா? ஒடம்புக்கு என்ன?"ன்னு கேட்டுச்சு. ஒவ்வொருத்தரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கேக்கக் கேக்க அந்தக்காவோட கொரலு ஒடைய ஆரம்பிச்சுது. அய்யோ, குரலை நிறுத்துனதும் தப்போன்னு எனக்குத் தோணிருச்சு.

அப்பத்தான் குழாய் கொரகொரன்னுச்சு. திரும்பிப் பாத்தா, மைக்குக்கு முன்னாடி அவரு சம்சாரம். ரெண்டு கையாலயும் மைக்கை இறுக்கிப் புடிச்சிருந்துச்சு.

"நங்கை, நாந்தான் பேசறேன். உங்க தம்பி செத்துப் போயிட்டாருங்க. என் மடியில தலைய வெச்சுத்தான் உசுரு போச்சு. அன்னைக்கு நீங்க கேட்டது பழைய குரலு. கடைசியா அவரு, அக்காவுக்குச் சொல்லியுடுன்னாருங்க. நான் இப்பத்தான் சொல்றேன்."

அந்தக்கா குழாயை அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் மாருல அடிச்சுக்கிட்டு வெச்சுது பாருங்க ஒரு கத்து, "எஞ் சாமீ!"ன்னு. பல மாசமா அடைச்சுக் கெடந்தது அது. ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன், எதுக்கு மறைக்கணும்.

அழுது ஓஞ்சதும் அந்தக்கா எங்கிட்ட வந்து ஒரு கைப்பிடி பச்சரிசி கேட்டுச்சு. குடுத்தேன். கம்பத்து மேல இருந்த குழாயை அவுத்துக் கீழ எறக்கச் சொல்லுச்சு. எறக்குனாங்க. தொவண்ட புள்ளையை ஏந்துற மாதிரி அதை மடியில கெடத்திக்கிட்டு, அதோட வாய்க்குள்ள அந்த அரிசியைப் போட்டுச்சு.