கை தூக்கியவள்

எங்கள் கர்லிங் கிளப்பின் மதுக்கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட அறிவிப்பு ஒன்று தொங்குகிறது. அநியாயமாக ஜெயிப்பதைவிடத் தோற்றுப்போவதே மேல் என்று அதில் எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்தால் எங்கள் ஆட்கள் அதன் கீழே நின்று பெருமையாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும்.

நான் எஃபி ரெனிக்கைப் பற்றிச் சொல்ல வந்தேன். எங்கள் ஊர் ஆக்டர்லீயின் தொடக்கப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் சமையல் வேலை பார்த்தவள். இந்த ஊரின் பாதிப் பேர் அவள் கையால் கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும் தின்று வளர்ந்தவர்கள். குட்டை உருவம், அகன்ற தோள், பேச்சு குறைவு. ஆனால் துடைப்பத்தோடு பனித்தளத்தில் இறங்கிவிட்டால் ஸ்காட்லாந்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை.

கர்லிங் என்பது இதுதான்: ஒருத்தி கனமான கல்லைப் பனித்தளத்தின் மறுகோடியில் வரைந்த வட்டத்தை நோக்கித் தள்ளிவிடுவாள். இரண்டு பேர் அதன் முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டால் தப்பு, அந்தக் கல் கணக்கில் வராது. அதை நடுவர் வந்து கண்டுபிடிப்பதில்லை, தொட்டவளே கை தூக்கிச் சொல்ல வேண்டும். அதெல்லாம் இரண்டு அணியும் கை குலுக்குவதற்கு முன்னால். குலுக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்துக்காக நாங்கள் நால்வர் ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டம்வரை போனோம். ஷீனா மோவாட் தலைவி. பிறகு எஃபி, நான், பின்னாளில் கனடாவுக்குக் குடிபோன இன்னொருத்தி. எதிரே ஸ்வீடன். கடைசிக் கல்லை ஷீனா தள்ளினாள். எஃபி ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் மூச்சு முட்டத் தேய்த்தோம். கல் வட்டத்தின் நடுவே போய் நின்றது. கூட்டம் எழுந்து கத்தியது. ஷீனா துள்ளிக் குதித்தாள். தங்கம் எங்களுக்கு!

ஸ்வீடன் தலைவி கை நீட்டிக்கொண்டு வந்தாள். அப்போது எஃபி கையைத் தூக்கினாள்.

"துடைப்பம் பட்டுடுச்சு."

யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்வீடன் தலைவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கல்லை விலக்கினாள். நாங்கள் வெள்ளியோடு திரும்பினோம்.

ஊர் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, சொல்லவே நா கூசுகிறது. எங்களை வரவேற்கப் பேக்பைப் வாசிக்க இருபது பேர் வருவதாக ஏற்பாடு, வந்தது இரண்டு பேர். அதிலும் ஒருவன் பாதியில் மழை என்று கிளம்பிவிட்டான். எங்களுக்காகச் செய்த கேக்கின் மேல் இருந்த தங்க எழுத்துகளைச் சுரண்டிவிட்டு, பேக்கரிக்காரர் துண்டு போட்டு விற்றார். கசாப்புக்கடைக்காரர் கடை நிறைய ஆள் இருக்கும்போது வேண்டுமென்றே கேட்டார்.

"எஃபி, என் விரல் தராசுல பட்டுச்சான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்?"

"பட்டுச்சு. ரெண்டு சாசேஜ் கம்மியா இருக்கு, போடுங்க" என்றாள் எஃபி.

கடையே சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் எந்த அணியும் அவளைச் சேர்க்கவில்லை. அவளும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமைப் போட்டிக்கும் பெரிய பானை நிறையப் பருப்பு சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பத்தொரு வருஷம் அந்தச் சூப்பை இரண்டு கிண்ணம் மூன்று கிண்ணம் என்று குடித்துவிட்டு, அவள் முதுகு திரும்பியதும் 'தங்கத்தைத் தொலைச்சவ' என்றார்கள். என்ன ஜென்மங்கள்!

போன மாதம் கிளப் கமிட்டி கூடியது. 'உலக அரங்கில் ஆக்டர்லீ' என்று சர்வதேசப் பதக்கம் வாங்கியவர்களின் பெயர்ப் பலகை வைக்கிறார்களாம். எங்கள் வருஷத்துக்கு மூன்றே பெயர்கள்.

"எஃபி பேர் எங்கே?" என்று கேட்டேன்.

"பதக்கத்தைக் கெடுத்தவ பேரைப் பதக்கப் பலகையில போடுவாங்களா?" என்றாள் ஷீனா. அவள் இப்போது கமிட்டி உறுப்பினர்.

நான் கையைத் தூக்கினேன்.

"என்ன யூனா, பாத்ரூம் போகணுமா?" என்றார் கிளப் தலைவர் ஆர்ச்சி கெர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அன்னைக்குக் கல்லுல பட்டது என் துடைப்பம். எஃபியோடது இல்ல."

சிரிப்பு நின்றது. என்னைத் திட்டுவார்கள், காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் எவ்வளவோ தேவலை. ஷீனா என் தோளைத் தட்டினாள்.

"நீ சமர்த்தா வாயை மூடிட்டுதானே இருந்தே? உன் துடைப்பத்துக்கு அவ ஏன்டி கை தூக்கணும்? அப்ப இன்னும் மோசம்!"

"அதானே" என்றார் ஆர்ச்சி. "அவ சும்மா இருந்திருந்தா தங்கம்."

யாரோ பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்கள். மூன்று பெயர்கள் என்றே முடிவாயிற்று. அதில் என் பெயரும் ஒன்று. சாக்கடைக்குள் கையை முழங்கைவரை விட்டு எடுத்ததுபோல் இருந்தது. அவர்களைப் பார்த்து வந்த அருவருப்பில் பெரும்பங்கு எனக்கே உரியது என்று தெரிந்ததால், பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

நேராக எஃபி வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை சூப்புக்காகக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"உன் துடைப்பம்தான்னு தெரியும். பக்கத்துலதானே ஓடிட்டு இருந்தேன்" என்றாள்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் பழியைச் சுமந்தே?"

"நீ தூக்குவேன்னுதான் பார்த்துட்டு நின்னேன். அதுக்குள்ள அந்த ஸ்வீடன்காரி கை குடுக்க வந்துட்டா. பொய்யை வச்சுக்கிட்டு அந்தக் கையைப் பிடிக்க எனக்குக் கூசுச்சு."

மன்னித்துவிடு என்று கையை நீட்டினேன். எஃபி ஈரக் கையை மேலங்கியில் துடைத்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து அடுத்த கேரட்டை நறுக்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை பலகைத் திறப்புக்கு நூறு பேர் கூடியிருந்தார்கள். ஆர்ச்சி பேச்சையெல்லாம் முடித்துவிட்டுப் பலகையின் திரையை இழுத்தார். எங்கள் வருஷத்துக்கு நேரே இரண்டு பெயர்கள்தான் இருந்தன. என் பெயர் இருக்க வேண்டிய மூன்றாவது இடத்தில் தங்க வண்ணம் சுரண்டப்பட்டு வெறும் மரம் தெரிந்தது.

"எவன் செஞ்ச வேலை இது?" என்று ஆர்ச்சி கத்தினார்.

நான் கையைத் தூக்கினேன். கூட்டத்தின் கடைசியில், சூப் பானைக்குப் பின்னால், எஃபி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.