நாலாவது பெல்ட்

முதலாளி இருந்தார். திருமயத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் இருந்தார். என் மனைவியின் தம்பி இருந்தான். நான் இருந்தேன். நார்த்தாமலைப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷர். அன்று காலை மெஷின் ஓடவில்லை.

நான் ஆபரேட்டர். என் கேபினில் மூன்று திரை. மூன்றுக்கும் மூளை ஒரே பெட்டி. கல்லைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் போய்ச் சிந்தினதை அள்ளுவது மச்சினன் வேலை. துணியோ கையோ மாட்டினால் பெல்ட்டை ஒட்டிப் போகும் அவசரக் கயிற்றை இழுப்பான். பெட்டி அதைக் கேட்டு பெல்ட்டை நிறுத்த வேண்டும். எங்கள் பெட்டி இடி விழுந்து போய்விட்டது.

புதுசு வர மூன்று வாரம் என்றார்கள். முதலாளி பொறுக்கவில்லை. மூடிப்போன வேறொரு கிரஷரின் பெட்டியை வாங்கி வந்தார். ஓட்டிப் பார்க்கும் முன்பே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பொட்டு வைத்ததைத் திருப்பி அனுப்புவது எங்களிடம் வழக்கமில்லை.

“பொண்ணு பாக்காமயே தாலி கட்டிட்டீங்க” என்றார் எலக்ட்ரீஷியன்.

“நல்லா ஓடுன பெட்டிதான். மாட்டுங்க” என்றார் முதலாளி.

மாட்டினார். திரை வந்தது. வெளியே ஒரு பெல்ட்டும் அசையவில்லை. திரையில் நான்கு பெல்ட் ஓடின. எங்களிடம் இருப்பது மூன்று.

“நாலாவது எங்கிட்டு ஓடுது மச்சான்?” என்றான் மச்சினன்.

வெளியே எட்டிப் பார்த்தேன். மூன்றுதான்.

“பழைய எடத்து ஞாபகம். அழிச்சாப் போயிரும்” என்றார் எலக்ட்ரீஷியன்.

நாலாவது மட்டும் சிவப்பாக விட்டு விட்டு எரிந்தது. அழிக்கப் போனவர் நிறுத்தினார். பழைய இடத்தில் நடந்ததைப் பெட்டி பதிந்து வைத்திருந்த பட்டியலைத் திறந்து வாசித்தார்.

“கயித்த இழுத்திருக்காங்க. பெல்ட் நிக்கல. திரும்ப இழுத்திருக்காங்க. நிக்கல.”

மேலே வாசிக்கவில்லை. பெட்டிக் கோளாறா வயர்க் கோளாறா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

“அந்த கிரஷர ஏங்க மூடுனாங்க?” என்றான் மச்சினன்.

“நான் கேக்கலப்பா” என்றார் முதலாளி.

திரையில் டன் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. முதலாளி தோள் துண்டை எடுத்துப் பொட்டைத் துடைத்தார்.

“கழட்டுங்க. புதுசே வரட்டும். மூணு வாரம் சும்மா கெடக்கட்டும்.”

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மச்சினன் அவர் கையைப் பிடித்தான்.

“இருங்கண்ணே. அந்தாளு எத்தன தடவ இழுத்தாருன்னு தெரியணும். மச்சான், எண்ணுங்க.”

பட்டியலில் கயிறு இழுத்த வரி எல்லாம் ஒரே நிமிடத்தில் விழுந்திருந்தது. திரையில் விரல் வைத்து எண்ணினேன்.

பதினேழு.