பெரட்டு இல்லாத வீடு

ரெங்கம்மாக்கா இறந்த செய்தியைச் சொன்னவள் சந்திரா. எஹலியகொடவில் நான் இப்போது வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்து, "புஷ்பாக்கா, பெரியக்கா நிம்மதியா போயிட்டாங்க" என்றாள். யாருக்கு நிம்மதி என்று கேட்க வாய் வரை வந்தது. சாவுச் செய்தி சொல்பவளிடம் என்ன சண்டை என்று போனை வைத்துவிட்டேன்.

அக்காவை அறிந்தவர்களே, ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு முதியோர் இல்லத்தை அவர் நடத்திய, நானும் அவரிடம் வேலை செய்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கிருந்தவர்கள் எல்லோரும் தேயிலையிலும் ரப்பரிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். கருப்பையா தாத்தா தன் தேநீரைத் தானே ஊற்றுவேன் என்று அடம்பிடிப்பார். கை நடுங்கிப் பாதி தரையில் போகும். நான் கெட்டிலைப் பிடுங்கப் போனால், "விடு புஷ்பா, சிந்துனா தொடச்சிக்கலாம். அவரு ஊத்துனாதான் அவருக்கு ருசி" என்பார் அக்கா.

சந்திரா வேலைக்கு வந்த புதிதில், வராந்தாவில் நின்றுகொண்டு சாப்பாட்டுக்கு ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டாள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவாரே, அதே மாதிரி. நடக்கவே முடியாதவர்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். அக்கா அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"இங்க பெரட்டு எடுக்காத தங்கச்சி. பேரக் கூப்பிட்டா இவங்க காலு தானா போய் நிக்கும். அத சம்மதம்னு நெனச்சுக்காத. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கேளு."

சந்திரா அழுதேவிட்டாள். அதன்பிறகு அக்கா அவளைப் பெற்ற பிள்ளைபோல் பழக்கினார். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, அதே இல்லத்தில் தானும் ஒரு கட்டிலுக்கு வந்தபோது, பொறுப்பைச் சந்திராவிடம்தான் கொடுக்கச் சொன்னார்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. அக்காவின் நரைத்த முடி இடுப்பு வரை இருக்கும். எவ்வளவு நேரமானாலும் தானே சீவி, தானே கொண்டை போடுவார். பெண்களுக்கெல்லாம் தலை கழுவிவிட ஆளில்லை என்று சந்திரா ஒருநாள் முடிவெட்டுகிறவரை வரவழைத்து, வராந்தாவில் நின்று பெயர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்று நான் ஒரு நோயாளியோடு பலாங்கொடை ஆஸ்பத்திரியில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அக்காவின் முடி காதோடு நின்றது.

சந்திராவிடம் கத்தினேன்.

"யாரையும் புடிச்சு இழுக்கலக்கா. அவங்களாத்தான் வந்து நின்னாங்க. பெரியக்காவும்தான் கம்ப ஊனிக்கிட்டு வந்தாங்க" என்றாள்.

அறியாதவள் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இவளுக்கு எல்லாம் தெரியும்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். "என் காலும் தானா போய் நின்னுருச்சு புஷ்பா" என்றார். கம்பைக் கட்டிலோரம் சாய்த்துவிட்டு, "முடி போனா போவுது. எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குனிஞ்சு குடுத்திருப்பேன்" என்றார். அந்த மாதமே நான் அங்கிருந்து விலகிவிட்டேன்.

அடக்கத்தன்று, "கடைசிவரை குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டோம்" என்று நிர்வாகத்தில் ஒருவர் பேசினார். சந்திரா என் தோளில் சாய்ந்து அழ வந்தாள், நான் விலகிக்கொண்டேன். அவளை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கேட்கும் பழக்கம் ஒன்றுதான். இங்கே சின்னத்தாயம்மாளின் தலையைத் தொடும் முன், "சீவி விடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். சில நாள் அவர் வேண்டாம் என்கிறார். அன்றைக்குச் சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.