சூரியனுக்காக விலக்கிய துணி

வசந்தகுமாரிக்கு ஜென்மப் பகையாளி என்று யாரும் கிடையாது. சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் திரைச்சீலை தைக்கும் கடையில் காலமெல்லாம் மிஷின் மிதித்தவள். அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டு அவள்மேல் பழி போடும் வாடிக்கையாளர்களைக்கூட மறுநாளே மறந்துவிடுவாள். ஆனால் போன வருஷத்திலிருந்து ஒருவனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விடிந்ததும் ஜன்னலைத் திறந்து, வந்துவிட்டானா என்று பார்ப்பாள். வந்திருப்பான். சூரியன்தான்.

எல்லாம் மகள் அனுப்ரியாவால். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நெட்பால் ஆட்டம் சொல்லிக்கொடுத்துத் திடலிலேயே கிடந்த பெண். "கல்யாணம் பண்ற வயசுல இப்படி வெயில்ல காயறியே" என்று அம்மா திட்டினால், "கறுப்புத்தான் அழகு லா" என்று சிரிப்பாள். பிறகு முகத்தில் சிவப்பாய்த் தடிப்பு வந்தது. விரல் மூட்டெல்லாம் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். லூப்பஸ் என்றார் டாக்டர். உடம்பே தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோயாம். மருந்து கொடுத்தார்கள், வெயில் மட்டும் மேலே படவே கூடாது என்றார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு வெயில் கூடாது என்றால் மனுஷர் எங்கே போவது?

அனுப்ரியா வேலையை விட்டாள். அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தட்டில் வைத்த சோறு காய்ந்து போயிற்று. ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே, "அம்மா, வெயில் என்னைக் கொல்லுமோ என்னமோ. இந்த ரூம் கண்டிப்பா கொன்னுடும்" என்றாள். அன்றைக்கு வசந்தகுமாரி கடைக்குப் போகவில்லை.

புக்கிட் பாஞ்சாங் பேட்டையில் அவர்களுடையது உச்சி மாடி வீடு. மேலே கூரையில்லாத பால்கனி ஒன்று உண்டு. துணி காயப்போடத்தான் அதுவரை உதவியது. அதற்கு நிழல் போட்டால் பிள்ளை வெளியே வருவாள், சாப்பிடுவாள், பிழைப்பாள். வசந்தகுமாரி அப்படித்தான் கணக்குப் போட்டாள். கேட்டதற்கு டாக்டரும், கிரீம் பூசி, முழுக்கைச் சட்டை போட்டு, நல்ல நிழலில் உட்காரலாம் என்றார்.

முதலில் பழைய சேலைகளைக் கட்டினாள். வெயில் அதில் சல்லடை மாதிரி இறங்கியது. மூங்கில் தட்டி போட்டாள். ஒரே மழையில் ஊறித் தொங்கிவிட்டது. செடிக்குப் போடும் பச்சை வலையைப் போட்டுப் பார்த்தாள். அதன் கீழே நின்ற அனுப்ரியா தன் கையைப் பார்த்துவிட்டு, "மீன் தொட்டிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள். நிரந்தரக் கூரை கட்டக்கூடாது, கழற்றி மாட்டுவது என்றால் பரவாயில்லை என்று குடியிருப்பு அலுவலகத்தில் விசாரித்து வந்தார் பஸ் ஓட்டும் கணவர் அங்கமுத்து. கடைசியில் வசந்தகுமாரி கெட்டித் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்தாள். கம்பி இழுத்து, வளையம் கோத்து, கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஓடுகிற மாதிரி மாட்டினாள். திரைச்சீலைக்காரி வேறென்ன செய்வாள்? ஜன்னலுக்குப் போடுவதை வானத்துக்குப் போட்டாள்.

அனுப்ரியா வந்தாள். தேநீரோடு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, கீழே எல்ஆர்டி ரயில் போவதைப் பார்த்தாள். ஒருநாள், "பசிக்குதும்மா" என்றாள். வசந்தகுமாரி அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தை பிறந்தது. கேம்பல் லேன் கடைத்தெருவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வந்தாள். வருஷா வருஷம் பொங்கல் வைப்பது அந்தப் பால்கனியில்தான். நாள்காட்டியில் அந்த வருஷத்து நல்ல நேரம் பத்தரைக்கு மேலே விழுந்தது, வெயில் நன்றாக ஏறுகிற வேளை. வசந்தகுமாரி கயிற்றில் கை வைத்தாள்.

"துணி இருக்கட்டும் லா. சூரியனுக்கு நாம பொங்கல் வைக்கிறது தெரியாதா?" என்றார் அங்கமுத்து.

"அவருக்குப் படைக்கிறத அவர் பாக்காம எப்படிங்க? அனு உள்ளதானே இருக்கா. அரை மணி நேரம்."

இழுத்தாள். வளையங்கள் சரசரவென்று ஓடின. பால்கனி முழுக்க வெயில் வந்து விழுந்தது. அவனை அவ்வளவு திட்டியவள், பானைக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ வேண்டினாள்.

பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று அங்கமுத்து கத்த, பின்னாலிருந்து இன்னொரு குரல் அதைவிடப் பலமாகக் கத்தியது. அரைக்கை ரவிக்கையும் புதுச் சேலையுமாக அனுப்ரியா வாசற்படி தாண்டி வந்து நின்றிருந்தாள். முகத்தில் கிரீமும் இல்லை. உள்ளேயே இருக்கப்போகிறவள் எதற்குப் பூசுவாள்? முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடி, வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

உள்ளே போ என்று சொல்லியிருக்க வேண்டும். கயிறு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது, அதையாவது இழுத்திருக்க வேண்டும். வசந்தகுமாரிக்கு வாயும் வரவில்லை, கையும் வரவில்லை. பிள்ளை அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! பக்கத்தில் போய் அவள் நெற்றியில் குங்குமம்கூட வைத்தாள். பொங்கலை இறக்கி, இலையில் படைத்து, கற்பூரம் காட்டி முடிக்கும்வரை மூவரும் வெயிலிலேயே நின்றார்கள்.

மாட்டுப் பொங்கலன்று கன்னம் சிவந்தது. அந்த வாரமே காய்ச்சல், கால் வீக்கம். மருத்துவமனையில் சேர்த்தபோது நோய் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது என்றார்கள். "வெயில்ல நின்னாங்களா?" என்று கேட்டார் டாக்டர். அங்கமுத்து மனைவியைப் பார்த்தார். அனுப்ரியா முந்திக்கொண்டு, "நானாத்தான் போனேன்" என்றாள். அது வசந்தகுமாரியை இன்னும் கொன்றது.

வீட்டுக்கு வந்து மூர்க்கமாகத் தைத்தாள். மேல் துணியை இனி ஓடவே முடியாதபடி கம்பியோடு சேர்த்துத் தைத்தாள். பக்கங்களுக்கும் கறுப்புத் துணி தொங்கவிட்டு, ஓரம் ஓரமாக மூட்டினாள். விரலில் ஊசி ஏறியதுகூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. "காத்தாவது வருமா?" என்றார் அங்கமுத்து. "ஒண்ணும் வர வேணாம்" என்றாள்.

மருந்தில் முகம் வீங்கி, அடையாளமே மாறி அனுப்ரியா வீடு வந்தாள். பால்கனிக் கதவைத் திறந்து இருட்டைப் பார்த்தாள்.

"இது வெளி இல்லம்மா. இன்னொரு ரூம்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மறுநாளும் சோறு காய்ந்தது. இனி என்னதான் செய்வது? திறந்தால் அவன் தின்கிறான், மூடினால் இருட்டு தின்கிறது. வசந்தகுமாரிக்கு உண்மையாகவே வழி தெரியவில்லை. வெயில் தாழ்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பால்கனித் தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டுத் துணியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கொஞ்சம் காற்று வந்தது. எல்ஆர்டி ஒன்று வெளிச்சத்தோடு போனது.

கத்தரிச் சத்தம் கேட்டு அனுப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொங்கல் அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு என்னம்மா வேண்டின?"

வசந்தகுமாரியின் கை நின்றது. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள்.

"எம்புள்ள ஒரே ஒரு தடவை உன் முன்னால வந்து நிக்கணும்னு."

அனுப்ரியா வீங்கிய விரல்களால் அம்மாவின் கையிலிருந்து கத்தரிக்கோலை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா, நின்னது" என்றாள்.