அக்கா பேர் வெட்டிய குடம்

கரியாலூர் பனியில் அந்த லாரி வந்து நின்றதும் முதலில் இறங்கியது வாடைதான். நனைந்த கரி, எரிந்த கூரை, அதோடு புளித்துப்போன சோறு... இன்றைக்கும் எங்காவது அந்த வாடை அடித்தால் நான் நின்றுவிடுவேன்.

இப்போது டைட்டிலில் ‘புரொடக்‌ஷன் டிசைனர்’ என்று என் பேரைப் பெரிதாகப் போடுகிறார்கள். அன்றைக்கு நான் வெறும் ஆர்ட் அசிஸ்டென்ட். ஸ்டுடியோ வாசலில் வருஷக்கணக்கில் நின்று வாங்கிய வேலை. கல்வராயன் மலையில் ஷூட்டிங், அதுவும் சொந்த ஊர்ப் பக்கம் என்றதும் தலைகால் புரியவில்லை. தீயில் எரிந்துபோன ஒரு குடிசைத் தெருவை அங்கே செட் போட வேண்டும்.

அதே நேரம் மலைக்குக் கீழே இடஒதுக்கீட்டுப் போராட்டம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை. அங்கங்கே குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு மட்டும் மேலே வந்தது. எந்த ஊர், யார் வீடு... ஒன்றும் தெரியாது.

எலவனாசூர்கோட்டை தாண்டி ஒரு சின்ன ஊரில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் செட் சுவருக்குக் கரி பூசிக்கொண்டுதான் இருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செட்டுக்குப் பழைய சாமான் வேண்டுமென்றால், புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கி வருவோம். புதுக் கதவுக்குப் பழைய கதவு, புதுப் பாய்க்குக் கிழிந்த பாய். ரோடு திறந்ததும் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் கள்ளக்குறிச்சியில் புதுப் பாத்திரங்களை வாங்கி ஏற்றிக்கொண்டு, எரிந்த தெரு ஒன்றைத் தேடிப் போயிருக்கிறார்.

“எல்லாம் ஒரிஜினல் தம்பி. நீ கரி பூசவே வேணாம்” என்றார் லாரியிலிருந்து குதித்தபடி.

நான் மேலே ஏறி ஒவ்வொன்றாக எடுத்தேன். நசுங்கிய குண்டான், மூடியில்லாத தூக்கு, அப்புறம் ஒரு பித்தளைக் குடம். அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ விரலில் நெருடியது. சட்டை நுனியால் கரியைத் துடைத்தேன்.

மு. அஞ்சலை.

என் அக்கா பேர். கல்யாணச் சீருக்கு வாங்கிய குடம். அப்பா பாத்திரக் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பேரை வெட்ட வைத்தார்.

குடம் வந்துவிட்டது... ஆள்?

“யாரு குடுத்தாங்க?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

“பொம்பளைங்க கூட்டமா கொண்டாந்து கொட்டுனாங்க. மொகத்தையா பாத்தேன்?”

எங்கள் ஆர்ட் டைரக்டர் விஷயத்தைக் கேட்டதும், “எதையும் இறக்காதீங்க. இதே வண்டியில போய் முதல்ல அக்காவப் பாரு” என்றார். மேனேஜரும் கூட வந்தார். மலை இறங்கும்வரை குடத்தை மடியிலேயே வைத்திருந்தேன். வேண்டாத சாமியில்லை.

தெருவில் மண் சுவர்கள் மட்டும் நின்றன. வேப்பமரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுக் குடம்.

“இன்னாடா, இப்பத்தான் வர்றியா?” என்றாள். இரண்டு பேரும் அழுதோம். மாமாவும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

அழுது முடித்ததும் அவள் கண் என் கையிலிருந்த குடத்தின் மேல் போனது.

“அத வச்சிட்டுப் போடா. நாளைக்குக் காலைல ஆபீசரு சேதம் பாத்து எழுத வர்றாராம். உங்க லாரி போனப்புறம்தான் தலையாரி வந்து சொன்னாரு. தெரு பூரா புதுப் பாத்திரமா கீது. எல்லாம் எரிஞ்சிபோச்சின்னு சொன்னா நம்புவாரா?”

“அப்ப ஏன்க்கா குடுத்தீங்க?”

“பொங்கித் திங்க ஒரு குண்டான் இல்லடா. புதுசு தர்றேன்னா வாங்காம இன்னா பண்றது?”

மேனேஜர் என்னைத் தனியாக இழுத்தார். “நாளைக்கு ஷூட்டிங் தம்பி. பழசு இல்லாம போனா ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

அவர் சொன்னது நிஜம். எனக்கும் பயம்தான். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வண்டி ஏறுவது? லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

பெண்கள் ஓடி வந்தார்கள். பேர் வெட்டியதைப் பேர் பார்த்து எடுத்தார்கள், பேர் இல்லாததை நசுங்கல் பார்த்து எடுத்தார்கள். எது எங்கே கிடந்ததோ அங்கேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். அக்கா தன் குடத்தை அடுப்பு இருந்த மூலையில் சாய்த்து வைத்தாள்.

“புதுச எல்லாம் எடுத்துக்கினு போயிடு. இங்க இருந்தா வம்பு. பள்ளிக்கூடத்துல கஞ்சி ஊத்தறாங்க, நாங்க பாத்துக்கறோம்.”

மலையில் ஆர்ட் டைரக்டர் லாரி நிறையப் புதுப் பாத்திரத்தைப் பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டார். ஒரு புதுக் குண்டானை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு, “பழைய டயர் கெடச்சா கொண்டாங்கப்பா” என்றார்.

மறுநாள் விடிந்ததும் அத்தனை புதுப் பாத்திரத்தையும் அடித்து நசுக்கி, டயரைக் கொளுத்தி அந்த நெருப்பில் போட்டுப் பழசாக்கினோம். அவரும் எங்களோடு உட்கார்ந்தார். ஷூட்டிங் தாமதமானதற்கு விழுந்த திட்டையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழே ஆபீசர் வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். நிவாரணப் பணம் வந்து, மழைக்கு முன்னால் தெருவுக்குக் கூரை ஏறியது.

இப்போது அக்காவுக்கு மெத்தை வீடு. அந்தக் குடத்தில்தான் இன்னும் தண்ணீர் பிடிக்கிறாள். எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தும் அடிக்கருப்பு போகவில்லை என்று என்னிடம் குறை சொல்வாள், ஏதோ நான் கொளுத்தியது மாதிரி.

நானும் இப்போது பழசு தேடி ஊர் ஊராக அலைவதில்லை. சென்னை வாடகைக் கடைகளில் கூரை முட்டக் குவிந்திருக்கிறது. குடத்தைக் கையில் எடுத்தால் முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். நிறையக் குடங்களில் பேர் இருக்கும். க. மேரி... சரோஜா... யார் இவர்கள் என்று கேட்டால், “எடைக்கு வந்தது சார்” என்பார் கடைக்காரர்.

அன்றைக்கு ஒரு பேரைப் படித்ததும் மலை இறங்கிப் போய் ஆளைப் பார்த்துவிட முடிந்தது. இன்றைக்கும் படிக்கிறேன்... எங்கே போய்ப் பார்ப்பது? கேமராவுக்குத் தெரியாதபடி பேரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறேன்.